தண்ணீர் தாங்கும் மரப்பசை: பிவிஏவா, பாலியூரித்தேனா, எபாக்ஸியா?

டப்பாவின் முகப்பில் பெரிதாக 'வாட்டர்புரூஃப்' என்று இருக்கும். அதைப் படித்து ஒன்றும் தெரிந்துவிடாது. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் தரக்குறியைத்தான் தேட வேண்டும்.

ஐரோப்பியத் தரமான இஎன் 204, பிவிஏ (பாலிவினைல் அசிடேட், சாதாரண தச்சுப்பசை) வகைப் பசைகளை டி1 முதல் டி4 வரை பிரிக்கிறது. டி3 என்றால், ஒட்டி 7 நாள் காயவிட்டு, 4 நாள் குளிர்நீரில் ஊறவைத்து, ஈரத்தோடு இழுக்கும்போது சதுர மி.மீ.க்கு 2 நியூட்டனாவது தாங்க வேண்டும். டி4க்கு அதே சோதனையில் 4 நியூட்டன் தேவை. 6 மணி நேரம் கொதிநீரிலும் 2 மணி நேரம் குளிர்நீரிலும் கிடந்த பிறகும் அந்த 4 குறையக் கூடாது. அமெரிக்கப் பசைகளில் டைப் 1, டைப் 2 என்று போடுவார்கள். டைப் 2 ஊறவைத்து உலர்த்தும் சோதனை. டைப் 1 கொதிக்கவைக்கும் சோதனை. டைட்பாண்ட் என்ற அமெரிக்க பிவிஏ பிராண்டில், டைட்பாண்ட் 2, டைப் 2 தேறியது. டைட்பாண்ட் 3, டைப் 1 தேறியது. இரண்டுமே எப்போதும் தண்ணீருக்குள் கிடக்கும் மூட்டுக்கு ஆகாது என்று தயாரிப்பாளரே சொல்கிறார். கொதிநீரில் தேறியது படகின் அடிப்பகுதிக்குப் போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. சில மணி நேரம் வெந்நீரில் கிடப்பது வேறு, மாதக்கணக்கில் நீரில் ஊறுவது வேறு.

மழையில் நனைந்து வெயிலில் காயும் பெஞ்சு, கதவு, பூந்தொட்டிச் சட்டம் போன்றவற்றுக்கு, மூட்டு இடைவெளியின்றிப் பொருந்துமானால் டி4 அல்லது டைப் 1 பிவிஏ போதும். விலை குறைவு, ஈரத்துணியால் துடைக்கலாம், எடை போட்டுக் கலக்கும் வேலையும் இல்லை. ஆனால் அது இடைவெளியை நிரப்பாது. ஒட்டும் இரு முகங்களுக்கு நடுவே தாள் நுழையும் சந்து இருந்தால், காய்ந்து சுருங்கும் பசை அங்கே வலுவற்ற படலமாகத்தான் நிற்கும்.

பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பின் அழுத்தத்தைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். பிவிஏக்கு மென்மரத்தில் ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 7 முதல் 10 கிலோவும், கடினமரத்தில் 12 முதல் 17 கிலோவும் வேண்டும். 2 செ.மீ. தடிமனும் 1 மீட்டர் நீளமும் உள்ள கடினமரப் பலகை விளிம்பு 200 சதுர செ.மீ. குறைந்தபட்சமாகப் பார்த்தாலே 2,400 கிலோ வருகிறது. ஒரு கிளாம்ப் 400 கிலோ தரும் என்று வைத்தால் ஆறு தேவை. இரண்டே கிளாம்ப் போட்டுவிட்டுப் பசையைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

நேரமும் முக்கியம். டைட்பாண்ட் 2இல் பசை தடவியபின் பலகைகளைச் சேர்க்க ஏறத்தாழ 5 நிமிடம்தான் கிடைக்கும். 3இல் 10 நிமிடம். வெயிலும் காற்றும் இருந்தால் அதுவும் சுருங்கும். பல துண்டுகள் சேரும் நாற்காலிக்கு 3ஐத் தேர்ந்தெடுக்கப் பெரிய காரணம் இந்தக் கூடுதல் அவகாசம்தான், நீர்த்தாங்கல் அடுத்ததுதான். குளிரிலும் வித்தியாசம் உண்டு. 2ஐ 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயும், 3ஐ 8 டிகிரிக்குக் கீழேயும் பயன்படுத்தினால் பசை வெள்ளைப் பொடியாகக் காய்ந்து பிடிப்பே இல்லாமல் போகும்.

பிவிஏக்கு இன்னொரு குறை, தொடர் சுமையில் மெல்ல நழுவுவது. மெல்லிய பட்டைகளை வளைத்து அடுக்கி ஒட்டிய வேலையில், பட்டைகள் நிமிரப் பார்த்து நாளடைவில் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். அங்கே, இரண்டு பொருள்களைக் கலந்து பூசும், காய்ந்தபின் விறைப்பாக நிற்கும் எபாக்ஸிதான் சரி.

பாலியூரித்தேன் மரத்திலும் காற்றிலும் உள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும். மிகக் காய்ந்த மரமானால் ஒரு முகத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்து, மற்ற முகத்தில் பசையை மெல்லியதாகத் தடவ வேண்டும். காயும்போது மூன்று நான்கு மடங்கு நுரைத்துப் பொங்கும். இந்த நுரையைப் பார்த்து, இடைவெளியை அடைத்துவிட்டது என்று நம்புவதுதான் பெரிய ஏமாற்றம். நுரை இடத்தை நிரப்பும், சுமையைத் தாங்காது. ஆகவே இதற்கும் இறுக்கமான பொருத்தமும் கிளாம்பும் கட்டாயம். பிசுபிசுப்பாக இருக்கும்போது அசிட்டோனால் துடைக்கலாம். காய்ந்தபின் உளியால் சுரண்ட வேண்டியதுதான். கையில் பட்ட கறை பல நாள் போகாது, கையுறை அவசியம். நல்ல டி4 பிவிஏ கையிலிருக்கும்போது இதை எடுக்கப் பெரிய காரணம் எதுவும் இல்லை. சற்று ஈரமான மரத்தை ஒட்ட நேர்ந்தால் மட்டும் இது கைகொடுக்கும்.

மூட்டு தளர்வாக இருந்தாலும், மரம் எண்ணெய்ப்பசை உள்ள தேக்கானாலும், படகு வேலையானாலும் எபாக்ஸிக்குப் போய்விடலாம். விலையும் வேலையும் கூடும். ரெசினும் (மூலப்பசை) அதை இறுகவைக்கும் ஹார்டனரும் கலக்கும் விகிதம் 1:1, 2:1, 5:1 என்று தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். டப்பாவில் சொன்ன விகிதம் எடையிலா கொள்ளளவிலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் வேகம் கூடாது. மிஞ்சிய ஹார்டனர் உள்ளேயே தங்கிப் பசை மெத்தென்று நின்றுவிடும். கலந்ததைக் குறுகிய கோப்பையில் மொத்தமாக வைத்தால் தன் சூட்டிலேயே கொதித்து இறுகும், தட்டையான தட்டில் பரப்புங்கள்.

முதலில் இரு முகங்களிலும் வெறும் எபாக்ஸியைத் தடவி மரம் குடிக்க விட வேண்டும். பிறகு மீதிக் கலவையில் சிலிக்கா தூளையோ நைசான மரத்தூளையோ சேர்த்து, வெண்ணெய்ப் பதத்தில் பூசிச் சேர்க்க வேண்டும். முதல் பூச்சைத் தவிர்த்தால் மரம் திரவத்தை உறிஞ்சிக்கொள்ள, மூட்டில் வறண்ட தூள்தான் மிஞ்சும். பிவிஏ பழக்கத்தில் கிளாம்பை முறுக்கிவிடாதீர்கள். பலகைகள் தொட்டு நின்று, ஓரத்தில் பசை கசிந்தால் போதும். காய்ந்தபின் மேலே மெழுகுபோல் ஒரு படலம் படியலாம். அதைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உப்புத்தாள் போட வேண்டும். இல்லையென்றால் மேல்பூச்சு ஒட்டாது. எபாக்ஸி வெயிலைத் தாங்காது என்பதால் வார்னிஷோ பெயின்டோ கட்டாயம். ஐந்து நிமிட எபாக்ஸி அவசரத்துக்கு உதவும், நீர் படும் வேலைக்கு உதவாது.

ரெசார்சினால் என்ற இன்னொரு பசை, நீரையும் வெந்நீரையும் தாங்குவதில் பழைய சாம்பியன். மூட்டில் கருஞ்சிவப்புக் கோடு விழும், 21 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும், மூட்டு கச்சிதமாக இருக்க வேண்டும். அந்தக் கோட்டைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்றால் மட்டும் அதை யோசியுங்கள்.

பழுதுபார்க்கும் வேலையில் ஒரு கவனம்: பிவிஏ காய்ந்த பிவிஏ மேல் ஒட்டாது. பழைய படலத்தை மரம் தெரியும் வரை சுரண்ட வேண்டும். முடியாத இடத்தில் எபாக்ஸியே மேல். தேக்கு போன்ற மரத்தை ஒட்டும் சமயத்தில் புதிதாக இழைத்து, அசிட்டோனால் துடையுங்கள். இழைத்த முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டு நின்றால் பசையும் உள்ளே போகாது.

பிவிஏயில் ஒட்டிய பலகையைக் கிளாம்ப் கழற்றிய உடனே இழைக்கக் கூடாது. பசையின் நீரை உறிஞ்சி மூட்டு ஓரம் சற்று உப்பியிருக்கும். அப்போது சமன்செய்தால் காய்ந்தபின் அங்கே பள்ளம் விழும். இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

எதை வாங்கினாலும் அதே மரத்தின் கழிவுத் துண்டுகளை ஒட்டி ஒரு வாரம் காயவிட்டு, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து உடைத்துப் பாருங்கள். மரத்தின் நார் கிழிந்து வந்தால் மூட்டு சரி. பசைப் படலம் கண்ணாடிபோல் வழுவழுப்பாகப் பிரிந்தால் முகத்தயாரிப்பிலோ அழுத்தத்திலோ கோளாறு. விலையுயர்ந்த டப்பாவைத் தேடும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.