பழைய காருக்கு டிராக் ரேடியல் டயர்: சில சீசன் ஓட்டிய பிறகு

கார்புரேட்டர் வைத்த பழைய வி8, பின்சக்கர இழுவை, பின்னால் லீஃப் ஸ்பிரிங், நான்கு கியர் மேனுவல். என்னையும் சேர்த்து எடை 1,600 கிலோவுக்குப் பக்கம். இந்த வண்டியில்தான் டிராக் (drag) ஓட்டம், அதாவது நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் கால் மைல், ஓடுகிறேன். பின்னால் ரோடு டயரைக் கழற்றிவிட்டு, இந்த ஓட்டத்துக்கென்றே வரும் பிடிமானம் அதிகமான டிராக் ரேடியல் டயர் போட்டுச் சில சீசன் ஆகிவிட்டது. டயரை மட்டும் தனியாகப் பிரித்துப் பேச முடியாது. கிளட்ச், காற்றழுத்தம், ஆக்சில் எல்லாம் கூடவே வரும்.

மாற்றுவதற்கு முன் வந்த டைம் ஸ்லிப் (ஓட்டம் முடிந்ததும் தரும் நேரச் சீட்டு): முதல் 60 அடிக்கு 2.3 வினாடி, கால் மைலுக்கு 15.2, கோட்டைத் தாண்டும்போது மணிக்கு 91 மைல். ஸ்லிப்பைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இதிலேயே விஷயம் புரிந்துவிடும். கடைசி வேகம் எஞ்சின் சக்தியைச் சொல்லும்; மொத்த நேரத்தில் புறப்பாடும் கலந்திருக்கும். இந்த எடையில் 91 மைல் வருகிறதென்றால் சக்கரத்துக்கு 200 குதிரைத்திறன் அளவில் வருகிறது. அதற்கு நேரம் 15க்குள் இருந்திருக்க வேண்டும். சக்தி இருக்கிறது, தரையில் இறங்கவில்லை, அவ்வளவுதான். நண்பர்கள் கேம்ஷாஃப்ட் மாற்று, பெரிய கார்புரேட்டர் போடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் முதல் செலவை டயரில்தான் போட்டேன்.

60 அடியில் 0.1 வினாடி குறைந்தால் கால் மைல் முடிவில் 0.15 முதல் 0.2 வரை குறையும் என்பது பந்தயத் தடத்தில் எல்லாரும் சொல்லும் கணக்கு. என் வண்டி அதற்கு நல்ல சாட்சி. காற்றழுத்தம் பிடிபட்ட பிறகு 60 அடி 2.0 ஆனது, மொத்தம் 14.7 ஆனது. கடைசி வேகம் அதே 91. ஒரு குதிரைத்திறன்கூடக் கூட்டாமல் அரை வினாடி.

அழுத்தத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி வேலை அங்கேதான். ரோட்டில் ஓட்டும் அழுத்தத்தோடு வந்து நின்றால் இந்த டயருக்குக் கொடுத்த காசு வீண். நான் 20 பி.எஸ்.ஐ.யில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் குறைத்தேன். என் வண்டிக்கு 17 சரியாக உட்கார்ந்தது. புறப்பட்ட இடத்தில் விழும் கறுப்புத் தடத்தைப் பார்த்தாலே தெரியும். நடுவில் மட்டும் கறுத்து ஓரம் வெளுத்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் கறுத்து நடு வெளுத்திருந்தால் காற்று போதாது. அகலம் முழுக்க ஒரே கறுப்பாக வந்தால் அந்த அழுத்தத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டயர் சூடானால் அழுத்தம் ஏறும், அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் அளந்தே ஆக வேண்டும்.

பர்ன்அவுட், அதாவது புறப்படும் முன் பின்சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழற்றிச் சூடாக்குவது, நீளமாக வேண்டாம். லேசாகப் புகை கிளம்பியதும் விட்டுவிடலாம். அதற்காகத் தரையில் ஊற்றி வைத்திருக்கும் தண்ணீருக்குள் இறங்காமல் சுற்றிப் போய், அதன் விளிம்பில் பின்சக்கரத்தை நனைத்தால் போதும். டயர் பட்டன்களுக்கு இடையே தங்கும் தண்ணீர் அப்புறம் ஸ்டார்ட் கோட்டில் சொட்டும்.

இனி குறை. ரேடியல் பிடிக்கும்வரை நன்றாகப் பிடிக்கும். ஒருமுறை சுழல ஆரம்பித்துவிட்டால் திரும்பப் பிடிக்காது, காலை எடுக்கத்தான் வேண்டும். பட்டனே இல்லாத ஸ்லிக் பந்தய டயரின் மெல்லிய பக்கச்சுவர் சுருங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ரேடியல் அப்படி இல்லை. அந்த அடி முழுதும் கிளட்சுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஆக்சிலுக்கும் போகிறது. ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு, எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் இதைத் தாங்கிக்கொள்ளும். மேனுவல்காரர்கள் கிளட்சைப் படாரென்று விடாமல் ஒரு நொடி நழுவவிட்டு எடுக்கப் பழக வேண்டும். பிடிமானம் கூடியதும் என் லீஃப் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு ஆக்சில் துள்ள ஆரம்பித்தது. அந்த முறுக்கலைத் தடுக்கும் டிராக்ஷன் பார் போட்ட பிறகுதான் அடங்கியது. டயர் வாங்கும்போதே அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

காசில்லாமல் கிடைப்பதும் ஒன்று உண்டு. முன்சக்கரம் ஸ்டார்ட் கோட்டில் இருக்கும் ஸ்டேஜ் ஒளிக்கதிரை விட்டு விலகும்போதுதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. முன்சக்கரம் அந்தக் கதிருக்குள் வந்ததைக் காட்டும் இரண்டாவது விளக்கு எரிந்த அந்தக் கணமே நிறுத்தினால், கடிகாரம் ஓடும் முன் சில அங்குலம் உருள இடம் கிடைக்கும். இன்னும் உள்ளே தள்ளி நிறுத்தினால் அது போய்விடும். பச்சை விளக்குக்கு எவ்வளவு தாமதமாக எதிர்வினை காட்டினாலும் அது கால் மைல் நேரத்தில் சேராது. போட்டியில்லாமல் நேரத்துக்காக மட்டும் ஓடுகிறவர்கள் விளக்கைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

டிஃபரென்ஷியல் (பின் ஆக்சில் கியர்) விகிதத்தை 3.23லிருந்து 3.91க்கு மாற்றினேன். முன்பு நான்காவது கியர் போட்டால் 3,800 சுற்றில் திணறிக்கொண்டே கோட்டைத் தாண்டும். இப்போது சக்தி உச்சத்தில் இருக்கும் 4,700க்குப் பக்கத்தில் தாண்டுகிறது. நெடுஞ்சாலையில் காது வலிக்கும், அதற்கு வழியில்லை. மொத்த இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி எவ்வளவு முன்கூட்டி விழுகிறது என்பதை) 35 டிகிரிக்குக் கொண்டுவந்ததும் உதவியது. எல்லாம் சேர்ந்து இப்போது 60 அடிக்கு 1.9, மொத்தம் 14.2, வேகம் 94. குளிர்ந்த இரவில் காற்று அடர்த்தியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். அதை டயரின் கணக்கில் எழுதக் கூடாது.

மழையில் இந்த டயரோடு ரோட்டில் போகாதீர்கள். ஆயுளைப் பட்டன் ஆழத்தை வைத்துக் கணிக்கவும் முடியாது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி ரப்பர் இறுகிவிடுகிறது. என் முதல் செட்டில் பட்டன் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. ஆனால் கடைசி வேகம் மாறாமலே 60 அடி நேரம் மட்டும் மெல்ல ஏறியது. அப்போதே மாற்றிவிட்டேன்.

அடுத்த குறி 13.99. அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.ஹெச்.ஆர்.ஏ. விதிப்படி அங்கிருந்து ஹெல்மெட் கட்டாயம். நான் ஏற்கெனவே போடுகிறேன். ஸ்லிக் போட்டு அந்த நேரத்தை எட்டினால் டிரைவ்ஷாஃப்ட் உடைந்தால் கீழே விழாமல் பிடிக்கும் வளையமும் வேண்டும். எந்த டயராக இருந்தாலும் அதைப் போடத்தான் போகிறேன். முன் யுனிவர்சல் ஜாயிண்ட் உடைந்தால் ஷாஃப்ட் தரையில் குத்தும். டயர் மட்டும் மறுபடி ரேடியல்தான், அதே அளவில்.