டெர்ரியின் 20 இடங்கள்: மூன்று விதமாக எண்ணிப் பார்த்தால்

வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்தில் 1967-இல் உள்ளாட்சி வாக்குரிமை பெற்றிருந்த கத்தோலிக்கர்கள் 14,429 பேர். மற்றவர்கள், பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகள், 8,781 பேர். மாநகராட்சியிலோ பிரிட்டனோடு இருக்க விரும்பிய, பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகளான யூனியனிஸ்ட் கவுன்சிலர்கள் 12, அயர்லாந்தோடு இணைய விரும்பிய, பெரும்பாலும் கத்தோலிக்கர்களான தேசியவாதிகள் 8. கள்ள ஓட்டுக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. வார்டு எல்லையை வரைந்த பென்சில் எல்லாவற்றையும் முடித்துவிட்டது.

தெற்கு வார்டில் 10,047 கத்தோலிக்கர்களை மொத்தமாக அடைத்து 8 இடங்கள் கொடுத்தார்கள். வடக்கு வார்டில் கத்தோலிக்கர் 2,530, மற்றவர்கள் 3,946. அதற்கும் 8 இடங்கள். வாட்டர்சைடு வார்டில் 1,852 கத்தோலிக்கர்களுக்கு மற்றவர்கள் 3,697, 4 இடங்கள். வார்டில் எந்தத் தரப்பு அதிகமோ அதற்கே அத்தனை இடமும். நாம் பழகிய 'அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி' முறையின் முரட்டு வடிவம் இது.

வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் விருப்ப வரிசை வாக்கு வந்தால் இது சரியாகிவிடும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். எந்த விருப்ப வரிசை என்று கேட்க வேண்டும்.

ஒரு வார்டுக்கு ஒரே இடம் என்ற வகையில், கடைசியில் நிற்பவரை நீக்கி அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போவார்கள்; பாதியைத் தாண்டுபவர் வெற்றி. கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் 2010 மேயர் தேர்தலில் முதல் விருப்பத்தில் டான் பெராட்டா சுமார் 34%, ஜீன் குவான் சுமார் 24%. நீக்கப்பட்டவர்களின் வாக்குகள் வந்து சேர, சீன வம்சாவளியினரான குவான் அந்நகரின் முதல் பெண் மேயரானார். வாக்குப் பிளவு என்ற பயத்தை இந்த முறை நன்றாகவே போக்குகிறது. ஆனால் டெர்ரியின் வடக்கு வார்டில் 39% பேர் எப்படி வரிசைப்படுத்தினாலும், எதிர்த்தரப்பு தன் அணிக்குள்ளேயே வரிசைப்படுத்தினால், பாதியைத் தாண்ட வழியில்லை.

இன்னொன்று, ஒரு வார்டுக்குப் பல இடங்கள் வைத்து எண்ணும் ஒற்றை மாற்று வாக்கு. மாநிலங்களவைத் தேர்தல் செய்திகளில் 'முதல் விருப்ப வாக்கு' என்று படிக்கிறோமே, அதே குடும்பம். 8 இடம் என்றால் மொத்த வாக்கில் ஒன்பதில் ஒரு பங்கைத் தாண்டினாலே ஓர் இடம் உறுதி; ஒன்பது பேர் அந்த இலக்கைத் தாண்ட முடியாது. அதே பென்சில் கோடுகளை அப்படியே வைத்துக்கொண்டு, எல்லோரும் தத்தம் தரப்புக்கே வாக்களித்ததாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வடக்கு வார்டில் இலக்கு 720 வாக்கு. 2,530-க்கு 3 இடம். வாட்டர்சைடில் இலக்கு 1,110. 1,852-க்கு 1 இடம். தெற்கில் 8-ம் கிடைக்கும். மொத்தம் 12-க்கு 8, இம்முறை தேசியவாதிகள் பக்கம். எல்லை வரைபவரின் சாமர்த்தியம் இங்கே எடுபடுவதில்லை. புராட்டஸ்டண்டுகளின் 8 இடங்களும் பத்திரமாக இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. டெர்ரியில் 1920-இல் இந்த முறையில்தான் தேர்தல் நடந்தது. கத்தோலிக்கரான ஹியூ ஓ'டோஹர்ட்டி மேயரானார். 1922-இல் வட அயர்லாந்து நாடாளுமன்றம் அதை ரத்து செய்தது. உள்ளாட்சிக்கு அது திரும்பி வர 1973 ஆயிற்று.

குறை இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் 2024-இல் நான்கு மாவட்டங்கள், தலா 3 இடங்கள். கால்பங்கைத் தாண்டினால் வெற்றி. கவுன்சிலுக்கு 100 பேருக்குச் சற்றுக் குறைவாகப் போட்டியிட்டார்கள். தன் மாவட்டத்துப் பெயர்களை மட்டுமே படித்து வரிசைப்படுத்தவும் பொறுமையும் நேரமும் எல்லோருக்கும் இருக்காது. இரண்டு வேலை பார்க்கும் வாக்காளருக்கு நிச்சயம் இருக்காது.

ஆனாலும் நான் பல இடங்கள் கொண்ட வார்டின் பக்கம்தான். அதன் பெரிய பலவீனம் எண்ணிக்கை மேசையில் இல்லை, அதன் வெற்றியிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் இதே முறையில் கவுன்சிலுக்கு வந்த கறுப்பினத்தவரான தியோடர் பெர்ரி துணை மேயராகவும் உயர்ந்தார். அடுத்தது மேயர் பதவிதான் என்ற பயத்தைக் கிளப்பி 1957-இல் முறையையே வாக்கெடுப்பில் தூக்கினார்கள். அந்த நாற்காலிக்கு பெர்ரி வந்து சேர்ந்தது 1972-இல்.