இணையவழித் தொலைபேசி வாங்கும் நிறுவனங்களுக்கு ஓர் எச்சரிக்கை: உங்கள் எண் யார் பெயரில் இருக்கிறது?

எங்கள் அலுவலகத்துக்கு இணையவழித் தொலைபேசிச் சேவை தந்த ஒரு நிறுவனத்திடமிருந்து விலகி வருவதற்குள் நாங்கள் பட்ட பாட்டை, அத்தகைய சேவையை இப்போது தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதே ஒப்பந்த வாசகங்களை வேறு சிலருடைய படிவங்களிலும் பின்னர் கண்டதால், கவனிக்க வேண்டியவை அந்த வாசகங்கள்தான்.

விற்பனைப் பிரதிநிதி ‘வரம்பற்ற அழைப்புகள்’ என்றார். ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஓர் எக்ஸ்டென்ஷன், அதாவது அலுவலகத்துக்குள் தனி உள்ளெண், என்றார். இரண்டும் பொய்யல்ல. ஆனால் ஒரே நேரத்தில் நான்கு அழைப்புகளுக்கு மேல் நடக்க முடியாது என்பது பின்னிணைப்பில் மட்டுமே இருந்தது. ஐந்தாவதாக அழைத்த வாடிக்கையாளருக்கு ‘பிஸி’ ஒலிதான் கேட்டது. எக்ஸ்டென்ஷன்களின் எண்ணிக்கை வேறு, ஒரே நேரத்தில் பேசக்கூடிய சேனல்களின், அதாவது அழைப்புப் பாதைகளின், எண்ணிக்கை வேறு என்பதை விலை பேசும்போது அவர்கள் ஒருமுறைகூட வாய் திறந்து சொல்லவில்லை. ‘வரம்பற்ற’ என்பதற்கும் ‘நியாயமான பயன்பாடு’ என்ற பெயரில் ஒரு வரம்பு இருந்தது.

அடுத்து ஒலித்தரம். குரல் விட்டு விட்டுக் கேட்டது. சில அழைப்புகளில் நாங்கள் பேசுவது எதிர்முனைக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்காது. புகார் செய்த போதெல்லாம், எங்கள் இணைய இணைப்பின் வேகம் போதவில்லை, உயர்ந்த திட்டத்துக்கு மாறுங்கள் என்ற ஒரே பதில் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நிற்காது. ஜி.711 என்னும் வழக்கமான கோடெக்கில் (குரலை எண்ம வடிவாக்கும் முறை) ஓர் அழைப்பின் குரலுக்கு ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு 64 கிலோபிட் செலவாகிறது. குரலைச் சுமந்து செல்லும் சிறு தரவுத் துண்டுகளான பேக்கெட்டுகளின் தலைப்புத் தகவல்களையும் சேர்த்தால் 100 கிலோபிட்டுக்குள் அடங்கிவிடும். நான்கு அழைப்புகளுக்கு அரை மெகாபிட்கூடத் தேவையில்லை. குரலைக் கெடுப்பவை பெரும்பாலும் தாமதமும், அந்தத் தாமதத்தின் ஏற்ற இறக்கமும், வழியில் தொலையும் பேக்கெட்டுகளுமே. ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. அவர்களுடைய சர்வர் வரை நாங்கள் அளந்து பார்த்தபோது, எங்கள் இணைப்பைக் கடந்த பிறகே பேக்கெட்டுகள் தொலைந்துகொண்டிருந்தன.

ஒரு பக்கம் மட்டும் கேட்காமல் போனதற்குக் காரணம் இன்னும் வேடிக்கையானது. இணையவழி அழைப்புகளைத் தொடங்கவும் முடிக்கவும் பயன்படும் நெறிமுறை எஸ்ஐபி. அதன் செய்திகளுக்குள் இருக்கும் முகவரிகளைத் தானாகத் திருத்தும் ‘எஸ்ஐபி ஏஎல்ஜி’ என்ற வசதி பல ரவுட்டர்களில் உண்டு. அது உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம் என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்த செய்தி. எங்கள் ரவுட்டரில் அதை அணைத்ததும் கோளாறு நீங்கிவிட்டது. அந்த ரவுட்டரைப் பொருத்திக் கொடுத்ததே அவர்கள்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருக்கலாம். விலக முடிவு செய்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. எங்கள் வாடிக்கையாளர்கள் பல ஆண்டுகளாக அறிந்திருந்த எண்ணை இந்தச் சேவைக்கு மாற்றியபோது, இவர்களுக்கு எண்களை வழங்கும் மேல்நிலைத் தொலைபேசி நிறுவனத்தின் பதிவேட்டில் அது எங்கள் பெயரில் ஏறவில்லை; மறுவிற்பனையாளரான இவர்களின் கணக்கில் ஏறியிருந்தது. ஆகவே அதே எண்ணைத் தன் சேவைக்கு மாற்றித் தரும்படி புதிய நிறுவனம் எண்மாற்றக் கோரிக்கை அனுப்பியபோது பெயர் பொருந்தவில்லை என்று திருப்பினார்கள். பெயரைச் சரிசெய்ததும் முகவரி பொருந்தவில்லை என்றார்கள். அதன்பின் நிலுவைத் தொகை என்றார்கள். இந்த இழுபறிக்கு இடையே, 90 நாள் முன்னறிவிப்பு வரவில்லை என்று காட்டி ஒப்பந்தத்தை அவர்களாகவே புதுப்பித்துக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘முதலில் கணக்கை மூடுங்கள், பிறகு எண்ணை விடுவிக்கிறோம்’ என்று ஆலோசனை வேறு தந்தார்கள். கணக்கு மூடப்பட்டால் செயலில் இல்லாத அந்த எண்ணை மாற்றவே முடியாமல் போகக்கூடும் என்று புதிய நிறுவனத்தின் பொறியாளர் உரிய நேரத்தில் தடுத்ததால்தான் எண் தப்பியது. இலவசம் என்று கொடுத்த தொலைபேசிக் கருவிகளோ அவர்களின் சர்வரோடு பூட்டப்பட்டிருந்தன. நிர்வாகக் கடவுச்சொல்லைத் தர மறுத்ததால் அவை இன்று அலமாரியில் கிடக்கின்றன.

ஆகவே கையெழுத்திடுவதற்கு முன், எண் யாருடைய பெயரில் பதிவாகும், விலகும்போது எத்தனை நாளில் விடுவிக்கப்படும் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னதை மின்னஞ்சலில் உறுதிசெய்யத் தயங்கும் பிரதிநிதியிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. தொலைபேசி அமைப்புக்குள் ஊடுருவியவர்கள் இரவோடிரவாக வெளிநாட்டுக்குப் பேசித் தீர்த்த அழைப்புகளுக்கும் வாடிக்கையாளரே பொறுப்பு என்ற பிரிவு எங்கள் ஒப்பந்தத்தில் இருந்தது. அத்தகைய பிரிவைக் கண்டால் வெளிநாட்டு அழைப்புகளை முடக்கியோ உச்சவரம்பு வைத்தோ தரச் சொல்லுங்கள். மின்சாரம் போனால் அழைப்புகள் எந்த எண்ணுக்குத் திருப்பப்படும் என்றும் கேளுங்கள்.

ஏற்கெனவே சிக்கியிருப்பவர்கள், பழைய நிறுவனம் வைத்திருக்கும் கணக்குப் பதிவின் நகலை முதலில் வாங்கி, அதில் உள்ள பெயரையும் முகவரியையும் எழுத்துப் பிசகாமல் எண்மாற்றப் படிவத்தில் நிரப்ப வேண்டும். புதிய இணைப்பில் உங்கள் எண்ணுக்கு அழைப்பு வந்து சேர்வதைச் சோதித்த பிறகே பழைய கணக்கை மூடுங்கள்.