சிசிஎன்ஏ எழுதத் தயாரா: மாதிரித் தேர்வுப் புள்ளியா, வெறும் திரையா?

சிசிஎன்ஏ என்பது சிஸ்கோ நிறுவனம் கணினி வலையமைப்புக்கு நடத்தும் சான்றிதழ்ப் பரீட்சை. அதன் கட்டணம் 300 டொலர், கிட்டத்தட்ட தொண்ணூறாயிரம் ரூபா. திருகோணமலையில் இருப்பவர் பரீட்சை நிலையத்தில் எழுதப் போனால் கொழும்புக்கு இரவு ரயில், தங்குமிடம், வேலைக்கு லீவு என்று இன்னும் ஏறும். தேறாவிட்டால் ஐந்து நாள் பொறுத்து, முழுக் கட்டணத்தையும் திரும்பக் கட்ட வேண்டும். அதனால் திகதி போடுவதற்கு முன் நம்பகமான ஓர் அளவுகோல் வேண்டும்.

இங்கே படிக்கிறவர்கள் பெரும்பாலும் மாதிரித் தேர்வுப் புள்ளியைத்தான் பார்க்கிறார்கள். இன்னொரு வழி, வலையமைப்பைக் கணினியிலேயே கட்டிப் பார்க்கும் பாக்கெட் ட்ரேசர் என்ற சிஸ்கோ மென்பொருளில் வெறும் திரையிலிருந்து ஒரு வலையமைப்பைக் கட்டி, அதில் வரும் பழுதையும் தீர்க்க முடிகிறதா என்று பார்ப்பது. நான் இரண்டையும் செய்தேன். இரண்டாவதை நம்பித்தான் திகதி போட்டேன், தேறினேன்.

மாதிரித் தேர்வு நேரத்துக்குப் பழக்கும். பரீட்சை 120 நிமிடம், விட்டு வந்த கேள்விக்குத் திரும்பப் போக முடியாது. அந்த வேகம் கைக்கு வர மாதிரித் தேர்வு வேண்டும்தான்.

ஆனால் அதே கேள்வித் தொகுப்பை மறுபடி எழுதும்போது வரும் தொண்ணூறு எதைக் காட்டுகிறது? கேள்வியின் முதல் வரியைக் கண்டதுமே விடை இன்னது என்று கண் சொல்லிவிடும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் செய்த ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று நம்பினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். பார்த்துப் பழகிய கேள்வியும் அதே நம்பிக்கையைத்தான் தருகிறது. புதிதாய்ப் பார்க்கும் தொகுப்பில், முதல் தடவை வரும் புள்ளியை மட்டும் நம்பலாம்.

வெறும் திரையில் இந்த வசதி இல்லை. தெரிந்தெடுக்க நான்கு விடைகள் அங்கே இருக்காது. மூன்று ரவுட்டர், இரண்டு சுவிட்ச், இரண்டு விலான் (ஒரே சுவிட்சில் பிரித்து வைக்கும் தனித்தனி வலையமைப்புகள்), நடுவில் ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தமக்குள் பாதைகளைப் பகிரும் நெறிமுறை). குறிப்பைத் திறக்காமல் கட்டி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பிங் (இணைப்பைச் சோதிக்கும் செய்தி) போக வேண்டும். அதைவிடக் கடினமானது, வேறொருவர் உடைத்துத் தருவதைச் சரிசெய்வது. என்னோடு படித்த நண்பன் என் கோப்பை வாங்கி, “மச்சான், ரெண்டு இடத்தில கை வச்சிருக்கன், கண்டுபிடி பாப்பம்” என்று திருப்பித் தருவான். ஒருமுறை ஓஎஸ்பிஎஃப் அயலவர் பட்டியல், அதாவது பக்கத்து ரவுட்டர்களின் பட்டியல், வெறுமையாக இருந்தது. கேபிள் சரி, முகவரி சரி. கடைசியில் பார்த்தால், ஒரே இணைப்பின் ஒரு பக்கம் ஏரியா 0, மறுபக்கம் ஏரியா 1. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் ரவுட்டர்கள் அயலவராகும். இப்படித் தேடும்போது எது உண்மையாகத் தெரியும், எது வாயளவில் தெரியும் என்பது பிரிந்துவிடும். பரீட்சையில் வரும் செய்முறைக் கேள்விகளுக்கும் இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

சப்நெட் கணக்கும், அதாவது ஒரு முகவரி எந்த வலையமைப்புப் பிரிவைச் சேர்ந்தது என்று கண்டுபிடிப்பதும், அப்படித்தான். 172.16.35.123/20 என்றால், வலையமைப்பு 172.16.32.0, புரோட்காஸ்ட் (அந்தப் பிரிவில் எல்லாருக்கும் அனுப்பும் முகவரி) 172.16.47.255 என்று கல்குலேட்டர் இல்லாமல் வர வேண்டும். எண்ணை மாற்றிக் கேட்டாலும் தடுமாறாமல் வந்தால் சரி.

வெறும் திரை எல்லாவற்றையும் அளக்காது. பாடத்திட்டத்தில் பத்து வீதம் தானியக்கம்: ஜேசன் (தரவை எழுதும் வடிவம்), ரெஸ்ட் ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) போன்றவை. அங்கே எனக்கு மாதிரிக் கேள்விகள்தான் உதவின. அப்புறம், நான் எழுதியது வலையமைப்புப் பரீட்சை மட்டும். கணக்கியல், திட்ட முகாமைத்துவம் போன்றவற்றுக்கு இதே முறை இவ்வளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். அங்கே கட்டிப் பார்க்க ரவுட்டர் இல்லை. சிசிஎன்ஏக்கு என்றால், நண்பர் உடைத்துத் தரும் கோப்பை அடுத்தடுத்து உதவியில்லாமல் சரிசெய்ய முடிகிற வாரத்தில் திகதி போடுங்கள். அதற்கு முன் தொண்ணூறு வந்தாலும் பொறுங்கள்.