ஹெச்டிசி ட்ரீமா, ஐபோன் 3ஜியா?

2008 ஜூலையில் ஐபோன் 3ஜியும், அதே ஆண்டு அக்டோபரில் ஆண்ட்ராய்டின் முதல் போனான ஹெச்டிசி ட்ரீமும் விற்பனைக்கு வந்தன. இரண்டாண்டுகள் கழித்துப் பழைய போன் ஒன்றை வாங்க முனைந்தபோது, இவ்விரண்டில் ட்ரீமையே எடுத்தேன். அது சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன்.

தொடுதிரையின் வழுக்கலிலும் கட்டமைப்பின் நேர்த்தியிலும் ஐபோன் ஒரு படி மேல். ட்ரீமின் திரையைத் தள்ளினால் வெளிப்படும் விசைப்பலகை, நீண்ட மின்னஞ்சல் எழுதுவோருக்கு வரம். இவை அவரவர் விருப்பம்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: தயாரித்தவர் கைவிட்ட பிறகு அந்தப் போனின் கதி என்ன? அதிகாரபூர்வ ஆதரவை மட்டும் பார்த்தால் வெற்றி ஐபோனுக்கே. ட்ரீம் ஆண்ட்ராய்டு 1.6-உடன் நின்றுவிட்டது, 3ஜிக்கோ 2010 நவம்பரில் ஐஓஎஸ் 4.2.1 வரை கிடைத்தது. ஆனால் அதற்கப்பால் அங்கே வழியில்லை. ஐஓஎஸ் 4 கொண்டுவந்த, பல செயலிகளை ஒருங்கே இயக்கும் வசதிகூட 3ஜிக்குத் தரப்படவில்லை. ஆண்ட்ராய்டின் மூல நிரல், எவரும் எடுத்து மாற்றிப் பகிர இடந்தரும் அப்பாச்சி உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டிருந்ததால், தன்னார்வலர்கள் சயனோஜென்மாட் என்ற தங்கள் மாற்று ஆண்ட்ராய்டு வழியாக 2.2 பதிப்பையே ட்ரீமுக்குக் கொண்டுவந்தார்கள். ஹோம் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, மீட்புத் திரைக்குள் நுழைந்து, எஸ்டி அட்டையில் வைத்திருந்த கோப்பை ஏற்றிவிட்டு, முதல் தடவை போன் உயிர்பெறப் பல நிமிடங்கள் காத்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது. 192 எம்பி நினைவகத்தில் அது வேகமாக ஓடியது என்று சொல்ல மாட்டேன். ஆயினும் செயலிகளை எஸ்டி அட்டைக்கு மாற்றும் வசதி கிடைத்ததால், குறுகிய உள்சேமிப்பின் நெருக்கடி பெருமளவு தணிந்தது.

இந்தத் திறந்த தன்மைக்கும் எல்லை உண்டு. மார்க்கெட் (அன்றைய செயலிக் கடை), ஜிமெயில் போன்ற கூகுள் செயலிகள் திறந்த மூலத்தில் சேராதவை. அவற்றைச் சேர்த்து வெளியிடக் கூடாதென்று 2009 செப்டம்பரில் கூகுள் சயனோஜென்மாடுக்குச் சட்டபூர்வ எச்சரிக்கை விடுத்தது. அதன்பின் அவற்றைத் தனியே ஏற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆப்பிளின் கட்டுப்பாடுகளை நீக்கிப் பூட்டுடைத்த (ஜெயில்பிரேக் செய்த) 3ஜியை நண்பரின் கையில் சில நாட்கள் பார்த்ததோடு என் அனுபவம் முடிகிறது. ஆப்பிள் அனுமதிக்காத செயலிகளும் தோற்ற மாற்றங்களும் அதில் சாத்தியமாயின. ஆனால் மூல நிரல் மூடிக் கிடந்ததால், ஐஓஎஸின் அடுத்த பதிப்பை அதற்கென எவரும் தொகுத்துத் தர இயலவில்லை. இடையில் தவறினால் போன் இயங்காத செங்கல்லாகிவிடும் இந்த வேலைகளில் கைவைக்க விரும்பாதவர் அன்று 3ஜியையே எடுத்திருக்கலாம்.