புதன்கிழமை வாங்க தம்பி: சம்பளமா, சொந்தத் தொழிலா, ஃபிரான்சைஸா?

சென்னை ஓ.எம்.ஆரில் ஒன்பது வருடம் மென்பொருள் வேலை பார்த்தேன். அப்புறம் மடிப்பாக்கத்தில் ஐந்து வருடம் இட்லி மாவு அரைத்து விற்றேன். சித்தப்பா மகன் மேடவாக்கத்தில் ஒரு டீக்கடை ஃபிரான்சைஸ் எடுத்து, அதாவது ஒரு கம்பெனிக்குக் காசு கட்டி அதன் பெயரில் கடை வைத்து, நடத்துகிறான். "பேசாம வேலையை விட்டுட்டு ஏதாவது ஆரம்பிக்கலாமா?" என்று யாராவது கேட்டால் இந்த மூன்றையும்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன்.

துணிச்சல் உண்டா, ஐடியா உண்டா என்றெல்லாம் நான் விசாரிப்பதில்லை. கேட்பது ஒன்றுதான்: உங்களுக்குச் சேர வேண்டிய காசை ஐந்தாவது தடவையாகப் போய், சிரித்த முகத்தோடு கேட்க வருமா?

சம்பளத்தில் அந்தத் தொல்லையே கிடையாது. மாதக் கடைசியில் போனில் மெசேஜ் வந்துவிடும். பி.எஃப்.புக்கு அடிப்படைச் சம்பளத்தில் நம் பங்கு 12 சதவீதம் என்றால் கம்பெனியும் அதே அளவு போடும். ஐந்து வருடம் தாண்டினால், விலகும்போது கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை. வீட்டுக் கடன் விசாரிக்கப் போனபோது மூன்று மாதச் சம்பளச் சீட்டு போதும் என்றார்கள். மாவுக்காரனாகப் போய் உட்கார்ந்தபோது மூன்று வருட வருமான வரிக் கணக்கைக் கேட்டார்கள். ஆனால் ஆளைக் குறைக்கிறோம் என்று கம்பெனி ஒரு நாள் சொல்லிவிட்டால் அன்றோடு எல்லாம் முடிந்தது.

வேலையில் இருப்பவரைக் கோழை என்று பேசுபவர்களோடு எனக்கு ஒட்டாது. ராயபுரத்தில் 1970-ல் 13,000 ரூபாயோடு ஐஸ்கிரீம் தொழிலில் இறங்கிய அருண் ஐஸ்கிரீம் ஆர்.ஜி. சந்திரமோகன் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். 2010-ல் சென்னையில் ஃபிரெஷ்வொர்க்ஸ் மென்பொருள் கம்பெனியை ஆரம்பித்த கிரீஷ் மாத்ருபூதம், அதற்கு முன் பல வருடம் ஜோஹோ என்ற இன்னொரு மென்பொருள் கம்பெனியில் சம்பளக்காரராக இருந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

இனி மாவுக்கு வருகிறேன். நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து, டில்டிங் கிரைண்டர், பாக்கெட் ஒட்டும் மெஷின், அவ்வளவுதான் சாமான். மனைவி பெயரில் பி.எம்.இ.ஜி.பி. என்ற மத்திய அரசின் சுயதொழில் மானியத் திட்டத்தில் கடன் போட்டோம். நகரத்தில் பெண்களுக்கு 25 சதவீதம் மானியம், கைக்காசு 5 சதவீதம். பொதுப் பிரிவு ஆண் என்றால் 15 சதவீதம், கைக்காசு 10. மானியம் என்றதும் நோட்டாக எண்ணித் தருவார்கள் என்று நினைக்க வேண்டாம். மூன்று வருடம் அது வங்கியிலேயே டெபாசிட்டாகக் கிடந்து, பிறகுதான் கடனில் கழியும்.

அரைப்பது பெரிய வேலையே இல்லை. காலை ஐந்தரைக்கு டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் பெட்டியைக் கட்டி 22 கடைகளுக்குப் போடுவேன். அன்றைக்கே காசு தருபவர்கள் நாலைந்து பேர். மற்றவர்கள் பாக்கெட் விற்ற பிறகுதான் காசு தருவார்கள். விற்காதது புளித்து, பாக்கெட் பலூன் மாதிரி உப்பி நம்மிடமே திரும்பும். அக்னி நட்சத்திரத்தில்கூட கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி பிரிட்ஜை அணைத்துவிட்டு, காலையில் "உங்க மாவு சரியில்லை" என்பவர்களும் உண்டு.

கோவிலம்பாக்கத்தில் ஒரு மளிகைக் கடையில் 1,840 ரூபாய் பாக்கி.

"அண்ணாச்சி, அந்தப் பழைய கணக்கு..."

"நான் எங்க ஓடிப்போகப் போறேன்? புதன்கிழமை வாங்க தம்பி."

புதன்கிழமை போனால் அண்ணாச்சி கோயம்பேடு போயிருப்பார். கல்லாவில் இருக்கும் பையனுக்குக் கணக்கு தெரியாது. நாலாவது தடவை ஆளைப் பிடித்துவிட்டேன். ஆனால் கடையில் கூட்டம். நாலு பேர் முன்னால் கேட்கக் கூச்சப்பட்டு, பத்து ரூபாய்க்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். வசூலுக்குப் போய் பிஸ்கட்டோடு வந்த என்னைப் பார்த்து மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் அவரே போனார். அண்ணாச்சி மகளின் பிளஸ் டூ பரீட்சையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசிவிட்டு 1,840 ரூபாயோடு வந்தார்.

சிறு, குறு தொழில்களுக்கான 2006 சட்டப்படி, சரக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். பெரிய கம்பெனிக்குச் சரக்கு போடுபவருக்கு அது ஆயுதம். அண்ணாச்சியிடம் சட்டம் பேசினால் மறுநாள் அந்த பிரிட்ஜில் வேறொருவர் மாவு இருக்கும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லை. அரைத்து வைத்த 160 கிலோவும் புளித்து வீணானது. கடன் தவணை மட்டும் வழக்கம்போல் பத்தாம் தேதி வந்தது.

ஃபிரான்சைஸில் வசூல் அலைச்சல் இல்லை. டீ குடித்தவர் அங்கேயே க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்துவிட்டுப் போகிறார். ஆனால் தூள், கப், சிரப் எல்லாம் தலைமை அலுவலகம் சொல்லும் விலைக்கு. பெயரைப் பயன்படுத்த விற்பனையில் ஒரு பங்கு, ராயல்டி, தனி. மழை நாளில் நாலு பஜ்ஜி போட்டு விற்கலாம் என்றால் மெனுவில் இல்லையாம். டீ மாஸ்டர் வராவிட்டால் பாய்லர் முன்னால் சித்தப்பா மகன்தான். லட்சக்கணக்கில் கட்டி வாங்கிய வேலை என்றுதான் எனக்குப் படுகிறது. கேட்கக் கூச்சம், ஆனால் சொந்தக் கல்லா வேண்டும் என்பவருக்கு இது பரவாயில்லை. கையெழுத்துப் போடும் முன் அதே பெயரில் ஓடும் வேறொரு கடை எதிரில் ஒரு வாரம் உட்கார்ந்து எத்தனை கப் போகிறது என்று எண்ணுங்கள். விளம்பரத் தாளில் இருக்கும் லாபக் கணக்கை நம்ப வேண்டாம்.

சொந்தத் தொழில்தான் என்றால், வேலையில் இருந்துகொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்த நாலு கடைக்குப் போட்டுப் பாருங்கள். விற்கிறதா என்பதைவிட, பாக்கியைக் கேட்கப் போகும்போது வயிற்றைப் பிசைகிறதா என்று கவனியுங்கள். வீட்டுச் செலவுக்கு ஆறு மாதக் காசைத் தனியாக எடுத்து வைக்காமல் ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2024-ல் மறுபடி சம்பளத்துக்கே போய்விட்டேன். மாவை மனைவி பார்த்துக்கொள்கிறார், கடைகள் இப்போது 31. கோவிலம்பாக்கம் அண்ணாச்சி அன்றன்றைக்கே காசு கொடுத்துவிடுகிறாராம்.