5 வருஷம், 61,000 கிலோமீட்டர்: வீட்டுலயே வண்டி பாக்குற எனக்கு பிஎஸ்6 பைக் எப்படி இருக்கு

அப்பாவோட 2003 ஸ்ப்ளெண்டரை பிரிச்சு மாட்டித்தான் நான் வண்டி வேலையே கத்துக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில வாசல்ல சாக்கை விரிச்சு ஸ்பேனரை எல்லாம் கொட்டினா, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள ஆயில் மாத்தி, பிளக்கைக் கழட்டி எமரி ஷீட் போட்டு, செயின் டைட் பண்ணி, டேப்பெட் சத்தம் வந்தா ஃபீலர் கேஜை விட்டு அதையும் அட்ஜஸ்ட் பண்ணி முடிச்சிடுவோம். பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்புரேட்டர்ல தூசி அடைச்சா ஸ்லோ ஜெட்டைக் கழட்டி வாயால ஊதுவார் அப்பா. ஏர் ஸ்க்ரூவை கால் சுத்து கால் சுத்தா திருப்பி, காதைச் சாய்ச்சு இஞ்சின் சத்தத்தைக் கேட்டே ட்யூனிங் வைப்பார். அந்த வண்டியோட மொத்த வயரிங்கையும் ஒரு 80 பக்க நோட்டுல கையாலயே வரைஞ்சு, எந்தக் கலர் வயர் எங்க போகுதுன்னு எழுதி வச்சிருந்தார். அந்த நோட்டு இப்பவும் என்கிட்டதான் இருக்கு.

2020 நவம்பர்ல புது பைக் எடுத்தேன், பிஎஸ்6 (வண்டிப் புகைக்கு அரசாங்கம் வச்ச புது அளவு), ஃப்யூல் இன்ஜெக்ஷன் (கார்புரேட்டருக்குப் பதிலா இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சுற முறை), 125 சிசி. கம்பெனி பேரைச் சொல்லலை, ஏன்னா நான் சொல்லப்போறது ஒரு கம்பெனியோட பிரச்சினை இல்ல, இப்ப வர்ற எல்லா வண்டியிலயும் ஏறக்குறைய இதே கதைதான். 5 வருஷம் ஓட்டிட்டேன், மீட்டர்ல 61,000 ஓடியிருக்கு, அதனால இப்ப எழுதினா சரியா இருக்கும்னு தோணுது.

முதல்ல நல்லதைச் சொல்லிடுறேன். மார்கழிக் குளிர்ல கூட சோக் இழுக்குற வேலையே இல்ல, செல்ஃபை தொட்டா ஸ்டார்ட். ஊர்ல ஓட்டினா 55, ஹைவேல 60க்கு மேல மைலேஜ் வருது, 5 வருஷத்துல ஒரு தடவை கூட ட்யூனிங்குன்னு கை வச்சதில்ல. புகை, பெட்ரோல் வாடை எதுவும் கிடையாது. சைலன்ஸர்ல இருக்கிற ஆக்ஸிஜன் சென்சார் எரிஞ்ச புகையைப் பாத்து இசியுங்கிற வண்டிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும், இசியு அதுக்கேத்த மாதிரி எடையில 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்துங்கிற கணக்கை ஒட்டியே இன்ஜெக்டரைத் திறந்து மூடும். அப்பா காதால கேட்டு வச்ச ட்யூனிங்கை இது ஓடுறப்பவே பண்ணிக்கிட்டு இருக்கு. 2020 ஏப்ரல் 1லேர்ந்து நாடு முழுக்க பிஎஸ்6னு வந்தப்ப பெட்ரோல்ல இருக்கிற கந்தகத்தையும் 50 பிபிஎம்லேர்ந்து (பத்து லட்சத்துல 50 பங்கு) 10க்கு இறக்கினாங்க. காத்து சுத்தமாகணும்ங்கிறதுல எனக்கு மாத்துக் கருத்தே கிடையாது, என் பொண்ணும் அதே காத்தைத்தான் சுவாசிக்கிறா.

ஆயில் மாத்துறது, ஏர் ஃபில்டர், பிரேக் ஷூ, செயின், கிளட்ச் கேபிள் இதெல்லாம் இப்பவும் வீட்டுலயேதான், அதுல ஒரு மாத்தமும் இல்ல. சிக்கல் எங்க ஆரம்பிக்குதுன்னா கரண்ட் போற இடத்துல.

முதல் அடி 2022ல. பேட்டரி வீக் ஆயிருந்தது எனக்குத் தெரியல, விடிகாலை 5 மணிக்கு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், செல்ஃப் டக்குன்னு ஒரு சத்தம் போட்டு நின்னுடுச்சு, சரி கிக்கர் இருக்கேன்னு இருபது உதை உதைச்சேன், உயிரே வரல. பழைய ஸ்ப்ளெண்டர்ல பேட்டரியையே கழட்டி வச்சிட்டுக்கூட ஓட்டலாம், மேக்னட்லேர்ந்து வர்ற கரண்ட்லயே சிடிஐங்கிற பெட்டி பிளக்குக்கு ஸ்பார்க் குடுத்துடும். இதுல டேங்குக்குள்ள இருக்கிற பம்ப் பிரஷர் ஏத்தணும், இசியு முழிக்கணும், இன்ஜெக்டர் திறக்கணும், மூணுக்கும் பேட்டரி வேணும். கடைசியில பக்கத்து வீட்டு அண்ணன் ஆட்டோவைத்தான் எழுப்பினோம். அன்னைலேர்ந்து மாசம் ஒரு தடவை மல்டிமீட்டர் வச்சு பேட்டரி வோல்ட் பாத்துடுவேன், ராத்திரி நிறுத்தி வச்ச வண்டியில காலையில 12.4க்கு கீழ காட்டினா சார்ஜ் போடுறது. இன்னொண்ணு, பெட்ரோலை ரொம்ப அடிமட்டத்துக்கு விட்டு ஓட்டாதீங்க, அந்த பம்ப் பெட்ரோல்ல முங்கி இருக்கிறதாலதான் சூடாகாம இருக்கு.

பெரிய அடி 2023 ஐப்பசி மழையில. மீட்டர்ல மஞ்சள் கலர்ல இஞ்சின் லைட் வந்துச்சு, ஆக்ஸிலேட்டர் முறுக்கினா ஒரு செகண்ட் திணறி அப்புறம் வெடுக்குன்னு இழுக்கும், சிக்னல்ல நின்னா ஐடிலிங் ஏறி ஏறி இறங்கும். சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனர் போட்டாங்க, அதுக்கே 350 ரூபா. டிபிஎஸ் எரர்னு சொன்னாங்க, அதாவது ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்குன்னு இசியுவுக்குச் சொல்ற சென்சார். சரி அதை மட்டும் குடுங்க நானே மாட்டிக்கிறேன்னேன். தனியா வராதாம், இஞ்சினுக்குக் காத்து விடுற த்ராட்டில் பாடியோட சேத்துதான் வருமாம், 7,800 ரூபா. எரரை அழிச்சுக் குடுத்தாங்க, ரெண்டே நாள்ல திரும்ப லைட். மறுபடி போனா, அப்ப மொத்த வயரிங் செட்டையும் சேத்து மாத்திடலாம்னாங்க. லேபரோட 14,000 ஆகும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தாரு அந்தத் தம்பி. அவரு மேல எனக்குக் கோவம் இல்ல, ஸ்கேனர் என்ன சொல்லுதோ அந்தப் பார்ட்டை மாத்தணும், அவ்வளவுதான் அவருக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. எதனால எரர் வந்துச்சுன்னு தேடுற நேரம் அவருக்கு யாரும் குடுக்கிறதில்ல.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துட்டேன். டிபிஎஸ்ல மூணு வயர்தான், ஒண்ணு இசியுலேர்ந்து வர்ற 5 வோல்ட், ஒண்ணு எர்த், ஒண்ணு சிக்னல். சாவியைப் போட்டு, கனெக்டரோட பின்பக்கமா குண்டூசியை விட்டு மீட்டர் வச்சா 5 வோல்ட் வரவேண்டிய வயர்ல சில சமயம் 5, சில சமயம் 0. அப்ப சென்சார் மேல தப்பு இல்ல, வழியில எங்கயோ வயர் போயிருக்கு. ஆனா எந்த வழி? அங்கதான் மாட்டிக்கிட்டேன். இசியு கனெக்டர்ல 33 பின், எது எதுக்குன்னு எங்கயும் போடல. ஓனர் மேனுவல்ல டயருக்கு எவ்வளவு காத்து, எங்க சர்வீஸ் விடணும், இதுதான் இருக்கு. வயரிங் டயகிராம் கேட்டா டீலருக்கு மட்டும்தான், வெளிய குடுக்கிறதில்லன்னுட்டாங்க. ரெண்டு ஞாயித்துக்கிழமை அந்தக் கலர் வயரைத் தேடித் தேடியே போச்சு. கடைசியில சீட்டைக் கழட்டி இசியு பெட்டியை ஓரமா தூக்கினா உள்ள ஒரு கைப்பிடி தேங்கா நாரு. அணில் கூடு கட்டப் பாத்திருக்கு. அதுக்குக் கீழ வயர் கட்டைச் சுத்தின டேப்பு கிழிஞ்சு, ஒரு வயரோட தோல் முழுக்கக் கடிபட்டு, உள்ள செம்புக் கம்பி ரெண்டே ரெண்டு இழையில தொங்கிக்கிட்டு இருந்துச்சு. வண்டி ஆடுறப்ப தொட்டும் தொடாம இருந்திருக்கு.

பேட்டரி டெர்மினலைக் கழட்டிட்டு, வயரை வெட்டி, சோல்டர் வச்சு, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு டேப் சுத்தினேன். செலவு 40 ரூபாக்குள்ள. அப்புறம் 20,000 கிலோமீட்டருக்கு மேல ஓட்டிட்டேன், லைட் வரவே இல்ல.

14,000 எங்க, 40 எங்க. வேலை கஷ்டமே இல்ல, சோல்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிஞ்ச யாரும் அஞ்சு நிமிஷத்துல பண்ணிடுவாங்க. ஒரே ஒரு பக்கம் டயகிராம் கையில இல்லாததுதான் ரெண்டு வாரத்தைத் தின்னுச்சு. பழைய வண்டி ரிப்பேர் ஈசி, புது வண்டி கஷ்டம்னு எல்லாரும் சொல்றாங்க, நான் அனுபவிச்ச வரைக்கும் மெஷின் அவ்வளவு கஷ்டம் இல்ல, அதைப் பத்தின விவரத்தைப் பூட்டி வச்சிருக்காங்க, அந்தப் பூட்டுதான் கஷ்டம்.

இது நான் புதுசா சொல்றதும் இல்ல. 2014 ஆகஸ்ட்லயே, கம்பெனிங்க போட்டியை நசுக்காம பாத்துக்கிற இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு சுமார் 2,545 கோடி ரூபா அபராதம் போட்டுச்சு, ஸ்பேர் பார்ட்ஸையும் ஸ்கேனரையும் வெளி மெக்கானிக்குங்களுக்குக் கிடைக்க விடாம பண்றாங்கன்னு. 2022 ஜூலைல மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்குன்னு ஒரு கமிட்டி போட்டாங்க, அதே வருஷம் டிசம்பர்ல வெப்சைட்டும் திறந்தாங்க. வாகனமும் அந்த லிஸ்ட்ல இருக்கு. ஆனா என் வண்டியோட 33 பின் விவரம் இன்னும் என் கைக்கு வரல.

எங்க தெருவுல முப்பது வருஷமா கடை வச்சிருக்கிற மெக்கானிக் அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன். அவரும் 28,000 குடுத்து வெளிக் கம்பெனி ஸ்கேனர் ஒண்ணு வாங்கி வச்சிருக்காரு. "வாங்கினா மட்டும் போதாதுடா தம்பி, வருஷா வருஷம் அப்டேட்டுக்கு தனியா கட்டணும், கட்டலைன்னா புது மாடலை அது பாக்கவே பாக்காது"ன்னாரு. கார்புரேட்டர் சத்தத்தைக் கேட்டே எந்த ஜெட் அடைச்சிருக்குன்னு சொல்ற மனுஷன் அவரு. பிஎஸ்6 வண்டி வந்தா ஆயில் சர்வீஸ் மட்டும் பண்ணிட்டு மத்ததை ஷோரூமுக்கு அனுப்பிடுறாரு. அதைப் பாக்குறப்ப எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு.

கார்ல இன்னும் மோசம். மச்சான் கார்ல பின்னாடி பிரேக் பேடு மாத்தலாம்னு வீலைக் கழட்டினோம், எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக், ஸ்கேனர் வச்சு சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோனாத்தான் பிரேக் பிஸ்டன் உள்ள போகும், அமுக்கித் தள்ளினா மோட்டார் உடைஞ்சிடும். வீலை அப்படியே திரும்ப மாட்டிட்டோம்.

வீட்டுலயே பாக்கணும்னு ஆசை இருக்கிறவங்க ஒரு நல்ல மல்டிமீட்டர் வாங்கிடுங்க, 800 ரூபாக்குள்ள கிடைக்கும், ஸ்பேனர் செட்டை விட இதுதான் இப்ப முக்கியம். ப்ளூடூத் ஸ்கேனரும் 6 பின் கேபிளும் வாங்கி நான் ட்ரை பண்ணேன், போன்ல கனெக்ட் ஆகுது, பேட்டரி வோல்ட்டைத் தவிர ஒண்ணும் காட்டல. பைக்குக்கு ஓபிடி (வண்டியே தன் கோளாறைக் கண்டுபிடிச்சுச் சொல்ற ஏற்பாடு) ஸ்டேஜ் 2 கட்டாயம் ஆனதே 2023 ஏப்ரல்லதான், அதுக்கு முந்தின வண்டிக்கு வாங்குறதா இருந்தா விசாரிச்சுட்டு வாங்குங்க. சில வண்டியில ஸ்கேனரே வேணாம், இஞ்சின் லைட் மின்னுற கணக்கை வச்சே எரர் நம்பர் சொல்லும், நீளமா ஒரு தடவை மின்னினா 10, சின்னதா மின்னினா 1. வண்டியை மழையில நிறுத்தினா மாசம் ஒரு தடவை சீட்டைத் தூக்கிப் பாருங்க, நாரு, துணி, வேப்பங்கொட்டை எது கிடந்தாலும் அன்னைக்கே எடுத்துடுங்க.

அப்பா நோட்டுல கடைசி 20 பக்கம் காலியா இருந்துச்சு. அதுல இந்த வண்டியோட கனெக்டரைப் பெருசா வரைஞ்சு, மீட்டர் வச்சுக் கண்டுபிடிச்ச ஒவ்வொரு வயரையும் கலரோட எழுதிட்டு வர்றேன். 33ல இதுவரைக்கும் 19 தெரிஞ்சிருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை டேங்கைக் கழட்டி பம்ப் லைனைப் பாக்கணும்.